தோல் புற்றுக்குப் பூசும் கிரீம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் சயான் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். தாராவி, ஆன்டாப் ஹில், மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றுவட்டாரத் தமிழர்கள் நிறையப் பேர் சீட்டோடு வருவார்கள். அவர்களில் தோல் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்துக்குப் பூசும் கிரீமை வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளை. மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ சொல்லியிருப்பார், பாதி புரிந்திருக்கும், மீதியைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இங்கே கிரீம் என்று நான் சொல்வது ஃப்ளூரோயுராசில், இமிக்விமோட் என்ற இரண்டைத்தான். எந்தக் கிரீம், எத்தனை நாள் என்பதை உங்கள் தோலைப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேன்சருக்குப் போய் ஆயின்மென்டா? நெஜமாவே இதுல சரியாகுமா?

சரியாகும், புற்று தோலின் மேல் அடுக்கிலேயே இருக்கும்வரை. உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் கனம் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். சில வகைப் புற்றுகள் அந்த அடுக்குக்குள்ளேயோ அதை ஒட்டியோ பக்கவாட்டில் மெதுவாகப் படர்ந்துகொண்டிருக்கும். பூசுகிற மருந்து அந்த ஆழம் வரை போய்ச் சேரும். அதனால் அங்கே வேலை செய்கிறது.

அதற்குக் கீழே இறங்கிவிட்ட புற்றுக்கு இந்த மருந்து போய்ச் சேராது. கிரீமா, கத்தியா என்பதை முடிவு செய்வது ஆழம். நம் பயமோ விருப்பமோ அல்ல. கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

எந்தெந்த தோல் கேன்சருக்கு இதைக் குடுப்பாங்க?

தோல் புற்றில் முக்கியமானவை மூன்று: பேசல் செல், ஸ்குவாமஸ் செல், மெலனோமா. பேசல் செல் புற்றில் மேலோட்டமாகப் படரும் வகை ஒன்று உண்டு. அதற்குக் கிரீம் தரலாம். ஸ்குவாமஸ் செல் புற்று மேல்தோலைத் தாண்டாமல் இருக்கும் நிலைக்கு போவென் நோய் என்று பெயர், அதற்கும் தருகிறார்கள். வெயிலில் பல வருடம் அடிபட்ட தோலில் வரும் சொரசொரப்பான திட்டுகளை ஆக்டினிக் கெரடோசிஸ் என்பார்கள். அது புற்று அல்ல, புற்றுக்கு முந்தைய நிலை. அதற்கும் இதே மருந்துகள்தான்.

கட்டியாகத் திரண்ட பேசல் செல் புற்று, ஆழமாக இறங்கிய ஸ்குவாமஸ் செல் புற்று ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சைதான் முதல் வழி. மெலனோமா சீக்கிரமாகப் பரவக்கூடியது. அதைக் கிரீமை நம்பி விட்டுவைக்கக் கூடாது.

நாமெல்லாம் கறுப்பு. வெள்ளைக்காரங்களுக்குத்தானே தோல் கேன்சர் வரும்?

நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி நம்மை நிறையவே காப்பாற்றுகிறது. இந்தியாவில் தோல் புற்று குறைவு என்பதும் உண்மை. ஆனால் குறைவு என்பதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. கடைசியில் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்.

நமக்கு வரும்போது அது வேறு முகத்தோடு வருகிறது. பேசல் செல் புற்று வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்பாக, முத்துப் போன்ற மினுமினுப்போடு தெரியும். நம் தோலில் பெரும்பாலும் கறுத்துத்தான் தெரியும், மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவோம். மெலனோமா நமக்கு உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருவதுதான் அதிகம். பாடகர் பாப் மார்லி 1981ல் 36 வயதில் இறந்ததற்குக் காரணம், கால் விரல் நகத்தடியில் ஆரம்பித்த மெலனோமா.

வெயிலே படாத இடத்திலும் வரும். பரேல் டாடா மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் வி. ஆர். கானோல்கரும் சூர்யாபாயும் 1945லேயே ஒரு விஷயத்தை எழுதி வைத்தார்கள்: வேட்டியை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியவர்களுக்கு இடுப்பில் புண் வந்து, அது புற்றாக மாறுவதைப் பற்றி. பாவாடை நாடா இறுகும் இடத்தில் பெண்களுக்கும் இது வருகிறது. இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்து, தடித்து, அரித்துக்கொண்டே இருக்கும். எத்தனை அம்மாக்கள் அதை இயல்பு என்று விட்டிருக்கிறார்கள்! பழைய தீக்காயத் தழும்பிலும் இப்படி வரும். இந்தத் தழும்புப் புற்றுகள் பொதுவாகக் கிரீமுக்கு அடங்கும் வகை இல்லை. நாடாவைத் தளர்த்தி, இடம் மாற்றிக் கட்டுங்கள். அங்கே ஆறாத புண் இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள்.

படை மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டு வருஷமா படர்தாமரை மருந்து போட்டோம். அது எப்படி கேன்சர் ஆச்சு?

அநேகமாக அது முதலிலிருந்தே படை இல்லை. போவென் நோயும் மேலோட்டமான பேசல் செல் புற்றும் பார்க்கச் சிவந்த, செதில் உதிரும் வட்டத் திட்டு மாதிரிதான் இருக்கும். படை, கரப்பான், சொரியாசிஸ் என்று எதை வேண்டுமானாலும் நினைக்கலாம்.

தாராவியிலிருந்து ஒரு அம்மா காலிப் படை மருந்து ட்யூப்பைக் கொண்டுவந்து, இதே போல் இன்னொன்று கொடுங்கள் என்றார். தோள்பட்டைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய திட்டு. ஓரம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து கோடு போட்ட மாதிரி இருந்தது, நடுவில் ஒரு இடம் பொருக்குத் தட்டியிருந்தது. அரிக்கிறதா என்றேன். இல்லையாம். வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா? இல்லை. ஒரே ஒரு திட்டு, அரிப்பு இல்லை, மெதுவாகப் பெரிதாகிறது, மருந்துக்கு அடங்கவில்லை. படை இப்படி நடந்துகொள்ளாது. தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். தோலில் ஒரு துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில், மேலோட்டமான பேசல் செல் புற்று என்று வந்தது. பிறகு அதே கவுண்டரில் சரியான கிரீமை வாங்கினார்.

படை மருந்து என்று விற்பவை பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பூசியதும் சிவப்பு குறையும், சரியாகிறது என்று தோன்றும், அடியில் நோய் அப்படியே இருக்கும். பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. ஆனாலும் கடையில் வந்து பேர் சொல்லிக் கேட்கும் பழக்கம் போகவில்லை. ஒரு திட்டு ஒழுங்காக மருந்து போட்டும் இரண்டு மாதத்தில் போகவில்லை என்றால் ட்யூப்பை மாற்றிப் பயனில்லை. அது என்ன என்று பார்க்க வேண்டும்.

பயாப்சி எடுத்தா, கத்தி பட்டா பரவிடும்ங்கறாங்களே?

பரவாது. ஊரில் எல்லோரும் சொல்லும் பயம் இது. ஏற்கெனவே முற்றிய நோயில் பயாப்சி எடுத்திருப்பார்கள், சில மாதத்தில் நோயாளி இறந்திருப்பார், பழி கத்தி மேல் விழுந்திருக்கும்.

தோல் பயாப்சி என்பது மரத்துப்போகும் ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் வட்டத்துக்குத் தோலைத் துண்டாக எடுப்பது. ஒரு தையல், சில நேரம் அதுவும் இல்லை; அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். புற்றா இல்லையா, எந்த வகை, எவ்வளவு ஆழம் என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். முதல் பதிலில் சொன்ன ஆழம் தெரியாமல் புற்றுக்குக் கிரீம் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். சயான் லோக்மான்ய திலக், பரேல் கே.இ.எம். ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. கேஸ் பேப்பர் (வெளிநோயாளிச் சீட்டு) எடுத்துப் போய்க் காட்டலாம். பயாப்சி ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஒருத்தருக்கு ஃப்ளூரோயுராசில், இன்னொருத்தருக்கு இமிக்விமோட் எழுதறாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ஃப்ளூரோயுராசில் செல்லை நேரடியாகக் கொல்வது. செல் பிரிவதற்கு டி.என்.ஏ. செய்ய வேண்டும், அதற்கான ஒரு முக்கியப் பொருள் கிடைக்காமல் இது தடுத்துவிடும். வேகமாகப் பிரிகிற புற்றுச் செல் முதலில் சாகும். 1957ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹைடல்பெர்கர் குழு உருவாக்கிய மருந்து இது. முதலில் ஊசியாகத்தான் போட்டார்கள். வேறு புற்றுக்காக ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, வெயிலால் வந்த தோல் திட்டுகள் சிவந்து தானாக உதிர்ந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். அப்படித்தான் இது பூசும் மருந்தானது.

இமிக்விமோட் எதையும் நேரடியாகக் கொல்லாது. அந்த இடத்து நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடும். அவை இன்டர்ஃபெரான் போன்ற எதிர்ப்புப் பொருள்களைச் சுரந்து, புற்றுச் செல்களை அழிக்கும். உங்களுக்கு எது என்பது நோயின் வகை, இடம், உங்கள் மற்ற உடல்நலம் எல்லாம் பார்த்து எடுக்கும் முடிவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

உள்ள இருக்கற பேப்பர்ல பிறப்புறுப்பு மருவுக்குன்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு முதுகுக்குக் குடுத்திருக்காங்க. தப்பான மருந்தா?

தப்பில்லை. இமிக்விமோட் 1997ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது அந்த மருவுக்குத்தான். மேலோட்டமான பேசல் செல் புற்றுக்கும் ஆக்டினிக் கெரடோசிஸுக்கும் 2004ல் அனுமதி கிடைத்தது. இங்கே பெட்டியில் வரும் தாளில் பல நேரம் பழைய உபயோகம்தான் பெரிதாக இருக்கும்.

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மருந்தை அலமாரியில் பூட்டி வைத்த வீடுகள் உண்டு. அம்மாவிடம் கேட்கவும் முடியாது, மருத்துவரிடம் கேட்கவும் கூச்சம். இதில் சந்தேகப்படவோ வெட்கப்படவோ ஒன்றுமில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு மருந்து வாங்கித் தருகிறவர்கள் இதை முன்னாலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

எப்படிப் போடணும்? எத்தனை நாள்?

சீட்டில் இருப்பதுதான் கணக்கு. பொதுவான வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். மேலோட்டமான பேசல் செல் புற்றுக்கு 5 சதவீத இமிக்விமோட் என்றால் வாரத்தில் 5 நாள், 6 வாரம். ராத்திரி படுக்கப் போகும் முன் பூசி, சுமார் 8 மணி நேரம் விட்டு, காலையில் மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். வாரத்தில் எந்த இரண்டு நாள் விடுமுறை என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 5 சதவீத ஃப்ளூரோயுராசில் என்றால் பெரும்பாலும் தினம் இரண்டு வேளை. பேசல் செல் புற்றுக்கு 3 முதல் 6 வாரம், சிலருக்கு 10, 12 வாரம் வரை போகும்.

இடத்தைக் கழுவி, நன்றாக ஈரம் உலர விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டோ பஞ்சுக் குச்சியாலோ எடுத்து, திட்டின் மேலும் அதைச் சுற்றி மருத்துவர் சொன்ன அகலத்துக்கும் மெல்லியதாகத் தடவுங்கள். பேசல் செல் புற்றுக்கு இமிக்விமோட் போடும்போது சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்துப் பூசச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரம் அங்கேதான் இருக்கும். கிரீம் வெளியே தெரியாமல் தோலில் மறையும் வரை தேய்க்க வேண்டும். அப்பி வைத்தால் சீக்கிரம் குணமாகாது, எரிச்சல்தான் கூடும். முடிந்ததும் கையைக் கழுவுங்கள். கண், உதடு, மூக்கின் உட்புறம் எங்கும் படக் கூடாது. மேலே பிளாஸ்டிக் ஒட்டி மூடாதீர்கள். துணி உரசும் இடமானால் மெல்லிய காஸ் துணி போதும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை வழக்கம் போலப் போடுங்கள். இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

மூணாவது வாரத்துல தோல் வெந்து போன மாதிரி ஆயிடுச்சு. அலர்ஜிதானே? நிறுத்திட்டோம்.

நிறுத்தியதுதான் கவலையாக இருக்கிறது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளூரோயுராசில் போட்டால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு சிவக்கும், நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ தெரியலாம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எரியும், சின்னக் கொப்புளம் வரலாம், மேல்தோல் உரிந்து நீர் கசியும், பொருக்குத் தட்டும். பார்ப்பதற்கு ஆரம்பித்ததைவிட மோசமாக இருக்கும். மருந்து வேலை செய்வதன் அடையாளமே இதுதான். திட்டின் எல்லை என்று நாம் நினைத்ததைத் தாண்டியும் சிவக்கும். அங்கேயும் கெட்ட செல்கள் ஒளிந்திருக்கலாம். மருந்தை முடித்த பிறகு முழுதாக ஆற ஒன்று அல்லது இரண்டு மாதம் ஆகும். இமிக்விமோட்டிலும் இதே சிவப்பு, பொருக்கு, புண் எல்லாம் வரும். அதோடு சிலருக்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி, அசதி வரும்.

தாங்க முடியாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். சில நாள் இடைவெளி விட்டுத் தொடரச் சொல்வார், அதற்கு இடமுண்டு. நீங்களாக நிறுத்தி, ஆறியதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிட்டால், மிஞ்சிய செல்கள் மறுபடி வளரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு: சீழ் வைப்பது, சிவப்பு பூசிய இடத்தை விட்டு வேகமாகப் பரவுவது, கடும் காய்ச்சல். ஃப்ளூரோயுராசில் போடும்போது வயிற்றுப்போக்கோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே பூசுவதை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் டி.பி.டி. என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு இது விஷமாகிவிடும். அரிதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு யோசனை. மருந்து தொடங்கும் முன்பும், பிறகு வாரம் ஒரு முறையும் அதே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் வாயால் விளக்குவதைவிட இது நன்றாக உதவும்.

எரிச்சலுக்கு வீட்ல இருக்கற ஸ்டீராய்டு ஆயின்மென்டைப் போட்டுக்கலாமா?

நீங்களாகப் போட வேண்டாம். முக்கியமாக இமிக்விமோட் உண்டாக்கும் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கிவிடும். குளிர்ந்த தண்ணீர்த் துணியை ஒற்றி எடுக்கலாம். கிரீம் போடாத நேரத்தில் வாசலின் தடவலாம். வலி அதிகமானால் மாத்திரை கேளுங்கள். மஞ்சள், நலங்கு மாவு, வாசனை சோப்பு எதுவும் அந்த இடத்தில் கொஞ்ச காலம் வேண்டாம்.

ஃப்ளூரோயுராசில்னா கீமோ மருந்தாமே. முடி கொட்டுமா, வாந்தி வருமா?

ஊசியாக ஏற்றினால் அது கீமோதான். தோலில் சின்ன இடத்தில் பூசும்போது ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. முடி கொட்டாது, வாந்தி வராது. மேலே சொன்ன டி.பி.டி. குறைபாடு மட்டும் விதிவிலக்கு.

கைக்குழந்தை இருக்கற வீடு. எங்க யாருக்காவது ஒட்டுமா?

புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். ஒட்டக்கூடியது மருந்துதான். பூசிய இடத்தில் குழந்தையின் கன்னமோ கையோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனித் துண்டு, தனித் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் ஃப்ளூரோயுராசில் கிரீமைப் பயன்படுத்தவே கூடாது. மாமியாருக்குக் கர்ப்பிணி மருமகள் பூசிவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்; அந்த வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் ட்யூப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். கடித்தாலும் நக்கினாலும் உயிரே போய்விடலாம், அவ்வளவு ஆபத்து அவற்றுக்கு.

இந்த வேர்வையில கிரீம் நிக்குமா? வேலைக்குப் போகலாமா?

ராத்திரி மருந்து என்றால் பிரச்சினையே இல்லை, காலையில் கழுவிவிட்டு லோக்கல் ட்ரெயினில் ஏறலாம். பகலிலும் போட வேண்டியதானால் குளித்து வேர்வை அடங்கியபின் பூசி, கிளம்பக் கொஞ்ச நேரம் விடுங்கள். வெயில் படும் இடத்தைத் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் போடும்போது வெயில் பட்டால் எரிச்சல் பல மடங்காகும். மருந்தை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

ஆபரேஷனா, கிரீமா, எது நல்லா கேக்கும்?

ஆபரேஷன்தான். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. சுலபமான இடங்களில் வந்த பேசல் செல் புற்றுக்கு இங்கிலாந்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 5 வருடம் கழித்து, அறுவை செய்தவர்களில் 97.7 சதவீதத்தினருக்கும், இமிக்விமோட் போட்டவர்களில் 82.5 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலித்திருந்தது. நெதர்லாந்தில் மேலோட்டமான வகைக்கு மட்டும் செய்த ஆய்வில், 5 வருடம் கழித்துப் புற்று இல்லாமல் இருந்தவர்கள் இமிக்விமோட்டில் 80.5 சதவீதம், ஃப்ளூரோயுராசிலில் 70 சதவீதம்.

அப்படியானால் ஏன் கிரீம்? சிலருக்கு முதுகிலும் மார்பிலும் ஒரே நேரத்தில் பல திட்டுகள் இருக்கும். எல்லாவற்றையும் வெட்ட முடியாது. ஆர்செனிக் கலந்த தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு போவென் திட்டுகள் இப்படித்தான் பல இடத்தில் வரும். சிலருக்கு முழங்காலுக்குக் கீழே வரும். சர்க்கரை நோயோடு அங்கே வெட்டினால் புண் ஆறச் சிரமம். வயதானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். இவர்களுக்கு 100ல் 80 பேருக்குப் பலிக்கும் மருந்து பெரிய வரம். நல்ல உடல்நிலையில் இருக்கும் 45 வயதுக்காரருக்கு, தோளில் ஒரே ஒரு திட்டு என்றால் நான் கத்தியைத்தான் சொல்வேன்.

மூக்கு ஓரத்துல இருக்கு. தழும்பு வேண்டாம், கிரீம் எழுதுங்கன்னு கேட்டேன். டாக்டர் மாட்டேங்கறார்.

அவர் செய்வது சரி. நம் ஊர்க்காரர்களுக்குப் பேசல் செல் புற்று அதிகம் வருவதே முகத்தில்தான், அதுவும் பெரும்பாலும் கட்டி வகை. மூக்கு, கண் ஓரம், காது, உதடு ஆகிய இடங்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஆழமாகவும் பக்கவாட்டிலும் ஓடும். இமிக்விமோட்டுக்குக் கிடைத்த அனுமதியும் உடம்பு, கழுத்து, கை, கால் ஆகிய இடங்களில் 2 சென்டிமீட்டருக்குள் உள்ள மேலோட்டமான பேசல் செல் புற்றுக்குத்தான். முகம், மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை, பாதம் அதில் சேராது.

கட்டி வகைக்குக் கிரீம் போட்டால் என்ன நடக்கும்? கோரையை மேலாகக் கொத்திவிட்ட வயல் மாதிரி, மேலே சுத்தமாகிவிடும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். தோல் ஆறி, மூடி, பளபளவென்று இருக்கும். உள்ளே அது குருத்தெலும்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். மறுபடி வெளியே தெரியும்போது மூக்கின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டி வரலாம். தழும்புக்குப் பயந்து எடுத்த முடிவு பெரிய தழும்பில் முடியும்.

இந்த இடங்களுக்கு மோஸ் அறுவை என்று ஒன்று உண்டு. மெல்லிய அடுக்காக வெட்டி, அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்து, ஓரம் சுத்தமாகும் வரை மட்டும் எடுப்பார்கள். நல்ல தோல் வீணாகாது. எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. உங்களுக்கு அது தேவையா, எங்கே செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

கிரீம் போட்ட இடம் வெள்ளையா ஆயிடுமா?

ஆகலாம். ஆறிய இடம் முதலில் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். சில மாதங்களில் பெரும்பாலும் சுற்றியுள்ள நிறத்தோடு சேரும். இமிக்விமோட் போட்ட சிலருக்கு வெண்புள்ளி மாதிரி நிரந்தரமாக வெளுத்துவிடுவதும் உண்டு. நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். கல்யாணத்துக்குப் பார்க்கும் பெண் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை என்பதும் தெரியும். தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஊர்ல எருக்கம்பால் வெச்சா புண்ணே கழண்டு விழுந்துடும்ங்கறாங்க. அதுவும் இதே மாதிரிதானே?

இல்லை. எருக்கம்பால், சேராங்கொட்டை, சுண்ணாம்பு எல்லாம் பட்ட இடத்தை வேக வைக்கும், நல்ல தோல் கெட்ட தோல் என்று பார்க்காது. எவ்வளவு ஆழம் போகும் என்பதும் நம் கையில் இல்லை. பொருக்கு விழுந்து மேலே மூடிக்கொண்டால், மூக்கு பற்றிய பதிலில் சொன்ன அதே கதைதான். பிறகு எடுக்கும் பயாப்சியில் தழும்புதான் தெரியும், நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிவிடும். ஏற்கெனவே வைத்திருந்தால் திட்டுவார்கள் என்று பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கிட்னி மாத்தினவருக்கு இது சேருமா?

உறுப்பு மாற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதனால் தோல் புற்று வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். எதிர்ப்பைத் தூண்டும் இமிக்விமோட்டைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். கிட்னி மருத்துவரும் தோல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு போங்கள்.

அக்கா மகளைக் கட்டினேன். பையனுக்கு ஒன்றரை வயசுலயே முகமெல்லாம் புள்ளி, வெயிலைப் பார்த்தா கண்ணு கூசுது. அவனுக்கும் கிரீம் போதுமா?

அந்தக் குழந்தையைத் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்று ஒரு பிறவி நோய் உண்டு. வெயிலால் கெட்டுப்போகும் டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் திறன் உடம்புக்கு இருக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் இது வரும் என்பதால், சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். சின்ன வயதிலேயே பல இடத்தில் தோல் புற்று வரும்.

புதிதாக வரும் மேலோட்டமான திட்டுகளுக்கு இந்தக் கிரீம்களை மருத்துவர்கள் பயன்படுத்துவதுண்டு, ஆனால் அது ஒரு பகுதிதான். வெயிலிலிருந்து முழுக் காப்பு, முழுக்கை உடை, கண்ணுக்குக் கண்ணாடி, அடிக்கடி முழு உடம்புப் பரிசோதனை எல்லாம் வேண்டும். யாரும் உங்கள் மேல் பழி போட வேண்டியதில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறிடுச்சு, சுத்தமா தெரியல. இனிமேலும் டாக்டர்கிட்ட போகணுமா? நாங்க லீவுக்கு ஊருக்குப் போறோம்.

போக வேண்டும். மருந்து முடித்து சுமார் 12 வாரம் கழித்துத்தான் உண்மையாகப் போய்விட்டதா என்று பார்க்க முடியும். அதற்கு முன் சிவப்பும் வீக்கமும் மறைத்துவிடும். அப்புறமும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சில வருடம் காட்ட வேண்டும். ஒரு முறை தோல் புற்று வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே அந்த இடத்தோடு முழு உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். திருநெல்வேலிக்குப் போய் இரண்டு மாதம் இருப்பதானால் பயாப்சி ரிப்போர்ட்டையும் சீட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே காட்டிக்கொள்ளலாம்.

ஒன்றரை வருஷம் கழிச்சு அதே இடத்துல திரும்ப ஒரு சின்னப் புள்ளி. பாதி ட்யூப் மீதி இருக்கு, அதையே போடலாமா?

போட வேண்டாம். திரும்பி வந்ததென்றால் போன முறை மருந்து எட்டாத ஒரு மூலை இருந்திருக்கிறது என்று பொருள், அது இப்போது முன்பைவிட ஆழமாக இருக்கலாம். மறுபடி பயாப்சி எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் இந்த முறை அறுவைதான் சொல்வார்கள். மீதி இருக்கும் ட்யூப்பைத் தம்பியின் மருவுக்கோ அண்ணியின் மங்குக்கோ கொடுத்துவிடாதீர்கள். இமிக்விமோட் பாக்கெட்டைப் பிரித்தபின் மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் போடவும் கூடாது. சிகிச்சை முடிந்ததும் மிஞ்சியதைக் கடைக்குக் கொண்டு வந்து கேளுங்கள். குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாதபடி அதை எப்படிக் கழிப்பது என்று சொல்வோம்.